'ஃபேமிலி' முதலெழுத்துகளைச் சேர்த்துச் செய்த சொல் அல்ல

மொரிஷியஸில் நம் உறவினர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி அடிக்கடி சுற்றுகிறது. 'ஃபாதர் அண்ட் மதர் ஐ லவ் யூ' என்பதன் முதலெழுத்துகள்தான் 'ஃபேமிலி' என்ற சொல்லாம். இது தவறு.

இந்தச் சொல் லத்தீனின் 'ஃபமிலியா'விலிருந்து வந்தது. அதற்கு அடிப்படை 'ஃபமுலுஸ்', அதாவது வேலைக்காரன் அல்லது அடிமை. ரோமானியர் 'ஃபமிலியா' என்றபோது பெற்றோரையும் பிள்ளைகளையும் மட்டும் நினைக்கவில்லை. ஒரு வீட்டுத் தலைவரின் கீழ் இருந்த அடிமைகளும் அதில் அடக்கம். ஆங்கிலத்திலும் தொடக்கத்தில் வீட்டு ஊழியர்களையே அது குறித்தது. இன்றைய பொருள் பின்னால்தான் வலுப்பெற்றது.

சான்று நம் வாயிலேயே இருக்கிறது. பிரெஞ்சில் 'ஃபமீய்', நம் கிரியோலில் 'ஃபமி'. எல்லாம் ஒரே வேர். பிரெஞ்சில் அப்பா 'பேர்', அம்மா 'மேர்'. அந்த எழுத்துகளிலிருந்து 'ஃபமீய்' எப்படி வரும்? அதோடு, ரேடார் போல முதலெழுத்துகளைச் சேர்த்துச் சொல் செய்யும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டில்தான் பெருகியது. ஃபேமிலி அதைவிடப் பல நூற்றாண்டு பழையது.

சரி, இன்று அந்தச் சொல் எதைக் குறிக்கிறது? இடத்துக்கு இடம் மாறும். 'உனக்கு ஃபேமிலி இருக்கிறதா?' என்று ஆங்கிலத்தில் கேட்டால் பெரும்பாலும் துணையையும் பிள்ளைகளையும் கேட்கிறார்கள். தமிழ்ப் பேச்சில் 'ஃபேமிலியோடு வந்தேன்' என்றால் மனைவி மட்டும்கூட இருக்கலாம். உயிரியலில் சிங்கமும் பூனையும் ஒரே ஃபேமிலி.

அப்பா அம்மாவிடம் அன்பைச் சொல்லுங்கள், தாராளமாக. அதைச் சொல்ல இந்தக் கதை வேண்டாம்.