அம்மா மாதிரியே இருக்கிறாள், ஆனால் அம்மா இல்லை

பேய்ப் படத்தில் கதவு தானாகத் திறந்தால் திடுக்கிடுகிறோம். அடுத்த காட்சியில் மறந்தும் விடுகிறோம். ஆனால் தினமும் படுத்து எழுகிற அறையே ஒரு விநாடி வேறு யாருடைய அறையோ போலத் தோன்றினால், அந்தக் கலக்கம் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. வாட்ஸப்பில் நாமே அனுப்பிய குரல் பதிவைக் கேட்டு "இது என் குரலா?" என்று கூசுவதும் இதே வகைதான். (பேசும்போது நம் குரல் மண்டை எலும்பு வழியாகவும் உள்காதுக்குப் போகிறது. பதிவில் அந்தப் பங்கு இருக்காது. காரணம் தெரிந்த பிறகும் கூச்சம் என்னவோ போவதில்லை.)

முன்பின் பார்த்திராத ஒன்றைக் கண்டால் பயப்படலாம், வியக்கலாம். இந்த மாதிரிக் கலக்கத்தைத் தருவது மட்டும் பெரும்பாலும் பழகிய பொருள்தான். ஏன் அப்படி?

1906-ல் எர்ன்ஸ்ட் யென்ட்ஷ் என்ற ஜெர்மானிய மனநல மருத்துவர் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எதிரில் இருப்பது உயிருள்ளதா, உயிரற்றதா என்று மனம் தீர்மானிக்க முடியாமல் தடுமாறுவதுதான் காரணம் என்றார். மெழுகுச் சிலைகளும் தானாக அசையும் பொம்மைகளும் அவருடைய உதாரணங்கள். அது போதாது என்று 1919-ல் உளப்பகுப்பாய்வை நிறுவிய ஃபிராய்டு மறுத்தார். ஒரு காலத்தில் பழகி, பிறகு மனம் அமுக்கி வைத்த ஒன்று திரும்பத் தலைகாட்டுவதுதான் இந்தக் கலக்கம் என்பது அவர் கட்சி.

அந்தக் கட்டுரையின் ஓர் அடிக்குறிப்பில் ஃபிராய்டு தனக்கே நடந்ததைச் சொல்கிறார். ரயிலில் படுக்கைப் பெட்டியில் தனியாக இருக்கிறார். வண்டி குலுங்கியதில் பக்கத்துக் கழிவறைக் கதவு திறந்துகொள்கிறது. இரவு உடையும் பயணத் தொப்பியுமாக ஒரு முதியவர் உள்ளே வருகிறார். வழி தவறி வந்துவிட்டார் போல என்று எழுந்து சொல்லப் போனால், அது கதவுக் கண்ணாடியில் தெரிந்த தன் உருவமேதான். அந்தத் தோற்றம் தனக்குத் துளியும் பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறார். கட்டுரையின் கோட்பாட்டைவிட இந்த அடிக்குறிப்புதான் எனக்கு அதிகம் சொல்கிறது. இங்கே அமுக்கி வைத்தது என்று எதையும் தேட வேண்டியதில்லை. முகம் கண்ணுக்கு முதலில் வந்துவிட்டது, 'இது நான்' என்ற உணர்வு பின்தங்கிவிட்டது. அந்த இடைவெளியில் தன்னையே ஓர் அந்நியராகப் பார்த்துவிட்டார்.

ஒருவரை அடையாளம் காண்பது ஒரே வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அதில் இரண்டு வேலைகள் உண்டு. இது இன்னார் என்று அறிவது ஒன்று. இவர் நம்மவர் என்று உடம்பு உணர்வது இன்னொன்று. இரண்டும் சேர்ந்தே வருவதால் பிரித்துப் பார்க்க வாய்ப்பே கிடைப்பதில்லை. முதலாவது வந்து இரண்டாவது வராமல் போனால்தான் தெரியும். இந்தப் பேச்சை எடுத்தாலே எல்லோரும் 1970-ல் ஜப்பானிய ரோபோ பொறியாளர் மசாஹிரோ மோரி எழுதிய ரோபோ விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள். மனிதனை ஏறக்குறைய ஒத்திருந்தும் முழுதாக ஒத்துவராத உருவம் அருவருப்பைத் தருகிறது என்றார் அவர். நல்ல கவனிப்புதான். ஆனால் ரோபோவோடு நாம் குடும்பம் நடத்தவில்லையே. எனக்குக் கவலை வீட்டுக்குள் நடப்பதைப் பற்றி.

1923-ல் ஜோசப் காப்கிரா என்ற பிரெஞ்சு மனநல மருத்துவரும் அவருடைய சக மருத்துவரும் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார்கள். தன் குடும்பத்தாரை யாரோ எடுத்துவிட்டு, அச்சு அசலாக அவர்களைப் போன்ற ஆட்களை வைத்துவிட்டதாக அந்தப் பெண் உறுதியாக நம்பினார். இன்று அந்த நிலைக்குக் காப்கிராவின் பெயர்தான். வெகுகாலம் இதற்கும் ஃபிராய்டு வழி விளக்கம்தான் சொன்னார்கள்: பெற்றோர் மீது அமுங்கிக் கிடந்த ஆசை வெளியே வருகிறது, அதைச் சமாளிக்க மனம் 'இது என் அம்மா இல்லை' என்கிறது என்று. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்காவில் மூளை ஆய்வாளரான வி. எஸ். ராமச்சந்திரன் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தார். ஒரு நோயாளி தன் வளர்ப்பு நாயையே போலி என்றார், அதற்கும் இதே விளக்கம்தானா?

ராமச்சந்திரன் 1997-ல் வில்லியம் ஹிர்ஸ்டைனோடு எழுதிய ஆய்வில் வருபவர், விபத்தில் தலையில் அடிபட்ட ஓர் இளைஞர். பெற்றோரைப் பார்த்து, அவர்களைப் போலவே இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் இல்லை என்பார். அதே பெற்றோர் தொலைபேசியில் பேசினால் தயக்கமே இல்லாமல் அடையாளம் கண்டு பேசுவார். நெருங்கியவர்களின் முகத்தைக் கண்டால் யாருக்கும் விரலில் மெல்லிய வியர்வை மாற்றம் நிகழும், அதைக் கருவியால் அளக்கலாம். இவருக்குப் பெற்றோர் படத்துக்கும் அந்நியர் படத்துக்கும் வித்தியாசமே இல்லை. முகத்தை இனம் காணும் பகுதி நன்றாக வேலை செய்கிறது, அங்கிருந்து உணர்ச்சி மையங்களுக்குப் போகும் பாதை பழுதாகியிருக்கிறது, குரலின் பாதை மட்டும் தப்பியிருக்கிறது என்பது அவர்கள் விளக்கம். பிரிட்டனின் உளவியலாளர்கள் எல்லிஸும் யங்கும் 1990-லேயே இதை ஊகித்திருந்தார்கள். உணர்வு வராமல் போவது மட்டுமே இந்த நம்பிக்கையை உண்டாக்கிவிடாது, 'இது நடக்கக்கூடியதா?' என்று சோதித்துப் பார்க்கும் திறனும் சேர்ந்து பழுதாக வேண்டும் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். அதுவும் சரியாகத்தான் படுகிறது.

இவ்வளவும் எழுதக் காரணம் என் பெரியம்மா. மறதி நோய் வந்த பிறகு ஒருநாள் தன் மகளிடம், "நீ யாரும்மா, என் பொண்ணு மாதிரியே இருக்க, அவ எங்க?" என்று கேட்டார். அக்கா ஒடிந்து போனாள். இத்தனை வருடம் பார்த்துக்கொண்டதற்கு இதுதானா என்று அழுதாள். உறவினர்களில் சிலர் காற்றுக் கருப்பு என்றார்கள், சிலர் சொத்து விவகாரத்தில் மனசுக்குள் இருந்த கோபம் என்றார்கள். இரண்டாவது பேச்சுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அல்சைமரிலும் லூயி பாடி வகை மறதி நோயிலும் இது வரும். பெரும்பாலும் நெருங்கியவர்தான் போலியாகத் தெரிவார், ஏனென்றால் உணர்வு வரவேண்டியது அவரிடம்தான். காய்கறிக்காரரைப் பார்த்து எந்த உணர்வும் வராவிட்டால் யாருக்கும் எதுவும் குறையாது. அதாவது, மகளைப் போலி என்று சொன்ன அம்மா மகளை வெறுக்கவில்லை. மகளைப் பார்த்ததும் எழவேண்டிய பாசம் எழவில்லை, அந்த வெற்றிடத்துக்கு அம்மாவின் மூளை ஒரு காரணம் கண்டுபிடித்திருக்கிறது. சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே "வீட்டுக்குப் போகணும்" என்று பெரியவர்கள் கேட்பதிலும் சில நேரம் இதே சங்கதி இருக்கலாம்.

அதனால் ஆதார் அட்டையைக் காட்டி நிரூபிக்காதீர்கள், "நல்லாப் பாரும்மா" என்று முகத்தை நீட்டாதீர்கள். முகம்தான் பிரச்சினையே. அறைக்குள் நுழையும் முன்பே பேசிக்கொண்டு வந்து பாருங்கள், குரல் சிலருக்குக் கைகொடுக்கிறது. திடீரென்று தொடங்கியிருந்தால் கிருமித் தொற்றோ புதிய மாத்திரையோ காரணமா என்று உடனே பார்க்க வேண்டும். பயத்தில் சிலர் 'போலி ஆளை' அடிக்கவும் செய்வார்கள், அதற்கும் எச்சரிக்கை தேவை. நரம்பியல் மருத்துவரிடமோ மனநல மருத்துவரிடமோ போகும்போது "ஞாபக மறதி" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாமல், "ஆள் மாதிரியே இருக்கு, ஆனா ஆள் இல்லைங்கிறாங்க" என்று அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே சொல்லுங்கள். மருத்துவருக்கு அந்த வார்த்தை வேண்டும்.