அப்பா பெயரின் கடைசி ‘ன்’

வாரிசுச் சான்றிதழ் வந்துவிட்டது. நான்கு மாதம், ஆறு நடை, இரண்டாயிரம் ரூபாய். ஆசையாக டவுன்லோடு செய்து பார்த்தால் அப்பா பெயரின் கடைசி ‘ன்’னைக் காணோம். ஆதாரில் இருக்கிறது. பத்திரத்தில் இருக்கிறது. இறப்புச் சான்றிதழில்கூட இருக்கிறது. மனுஷன் செத்தபோதும் கூடவே இருந்த ‘ன்’, தாலுகா ஆபீசுக்குள் போய் வெளியே வருவதற்குள் எங்கேயோ விழுந்துவிட்டது.

அந்த இரண்டாயிரம் போன கதையைச் சொல்லாமல் இன்று எனக்குத் தூக்கம் வராது.

போன திங்கட்கிழமை. காலை பத்தேகாலுக்குப் போய் நின்றேன். நாற்காலி இருந்தது, நாற்காலியின் முதுகில் துண்டு இருந்தது. துண்டு இருந்தால் ஆள் வந்துவிட்டார் என்று அர்த்தமாம், பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார். துண்டுக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு நின்றேன். பதினொன்று இருபதுக்கு ஆள் வந்தார். மேசை டிராயரைத் திறந்தார். சாமி படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கம்ப்யூட்டரை ஆன் செய்தார். அது யோசித்தது, அவரும் கூடவே உட்கார்ந்து யோசித்தார். டீ வந்தது. சர்க்கரை கம்மி என்று திரும்பிப் போனது. மறுபடி வந்தது. நான் வாயைத் திறந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது.

ரிங்டோன் என்ன தெரியுமா? ‘இந்தியன்’ படப் பாட்டு.

சத்தியமாகச் சொல்கிறேன். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, டிவியில் அந்தப் படம். லஞ்சம் வாங்குகிறவர்களைத் தேடித் தேடிக் கொல்லும் சேனாபதி என்ற கிழவனின் கதை. 1996இல் வந்ததை இன்னும் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள், நாமும் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். போனை வைத்துவிட்டு அவர் என்னைப் பார்த்துக் கேட்கிறார்: “நேத்து பார்த்தீங்களா சார்? கிழவன் கடைசில பெத்த புள்ளையவே விடல பாருங்க. நாட்டுக்கு அப்படி ஒருத்தர் வேணும் சார்.”

ஆமாம் சார் என்றேன். வேறென்ன சொல்ல?

அப்புறம் என் விண்ணப்பத்துக்கு வந்தார். “ஆர்.ஐ. ரிப்போர்ட் வந்துடுச்சு. தாசில்தார் லாகினுக்கு அனுப்பணும். எல்லாம் ஆன்லைன்தான்... இருந்தாலும்...”

இந்த ‘இருந்தாலும்’ இருக்கிறதே! இ-சேவையில் 60 ரூபாய் கட்டி ரசீது வாங்கிய மறுநாளிலிருந்து நான் பயந்துகொண்டிருந்த சொல் அதுதான். விவரம் தெரியாதவன் மாதிரி, “இருந்தாலும்னா?” என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நம்ம பையன் வெளிய டீக்கடையில இருப்பான், பேசிக்குங்க.” அவர் தலைக்கு மேலே லஞ்சம் வாங்குவதும் கொடுப்பதும் குற்றம் என்று போர்டு. புகார் செய்ய நம்பரும் இருந்தது. கடைசி நான்கு எண்களின் மேல் ஒரு நகைக்கடை காலண்டர்.

பையன் என்றால் நாற்பத்தைந்து வயசுப் பையன். “அண்ணே, மூணு. உங்க முகத்துக்காகத்தான்.” பேசிப் பேசி இரண்டுக்கு வந்தோம். ஜிபே பண்ணட்டுமா என்றேன், பதறிவிட்டான். இளநீர்க் கடையில்கூட க்யூஆர் தொங்குகிறது, இந்த ஒரு தொழில் மட்டும் இன்னும் ரொக்கத்தில்தான் நடக்கிறது. நோட்டை வாங்கியதும் விரலை உரசி மோந்து பார்த்தான். “பவுடர் கிவுடர் இல்லையேண்ணே?” லஞ்ச ஒழிப்புக்காரர்கள் தடவிக் கொடுக்கும் பினாப்தலீன். சலவைச் சோடா கலந்த தண்ணீரில் கையை முக்கினால் இளஞ்சிவப்பாகிவிடும். எனக்கு அவ்வளவு துப்பு இருந்தால் நான் ஏன் டீக்கடையில் நிற்கிறேன்?

படத்தில் அந்தப் பிள்ளை சந்துரு யார்? ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் புரோக்கராகத் திரிந்து, பிரேக் இன்ஸ்பெக்டராகி, பிரேக் பிடிக்காத பஸ்சுக்குச் சான்று கொடுத்து, பள்ளிக்கூடக் குழந்தைகளைச் சாகடித்தவன். முப்பது வருஷமாக இந்தப் படத்தைப் பார்க்கும் அத்தனை பேரும் சேனாபதி. இந்த கிளார்க்கும் சேனாபதி, டீக்கடைப் பையனும் சேனாபதி. கவரை நீட்டிய நானும் சேனாபதிதான். அப்படியானால் அந்த சந்துரு எந்த ஊர்க்காரன்? தியேட்டரில் அவன் சீட்டு மட்டும் காலி.

வர்மக்கலை தெரிந்த கிழவனும் இடுப்பில் கத்தியும் இருந்தால் நேர்மைக்கு விசில். கத்தி இல்லாத நேர்மைக்கு? ஐ.ஏ.எஸ். அதிகாரி சகாயம் நாமக்கல்லில் கலெக்டராக இருந்தபோது, 2009இல், தன் சொத்துக் கணக்கை மாவட்ட இணையதளத்தில் போட்டார். மதுரையில் கிரானைட் கொள்ளையைக் கிளறினார், கோ-ஆப்டெக்சில் வேட்டி சேலை விற்க அனுப்பினார்கள். 2015இல், கோர்ட் ஒப்படைத்த கிரானைட் விசாரணைக்காக, மேலூர்ப் பக்கம் சுடுகாட்டில் ராத்திரி படுத்துத் தடயத்தைக் காவல் காத்தார். கடைசியில் விருப்ப ஓய்வு. நாம் என்ன செய்தோம்? வாட்ஸப்பில் போட்டோவை ஃபார்வர்டு செய்தோம்.

என் மச்சான் சட்டம் பேசுகிறான். 2018க்குப் பிறகு லஞ்சம் கொடுத்தவனுக்கும் ஏழு வருஷம் வரை உள்ளே உண்டாம். வற்புறுத்தலால் கொடுத்ததாக 7 நாளுக்குள் புகார் சொன்னால் தப்பிக்கலாமாம். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். இன்று எட்டாவது நாள்! நான்கு மாதம் அசையாத விண்ணப்பம் காசு கைமாறியதும் ஒரே வாரத்தில் பறந்து வந்ததே, அந்த வேகத்தில்தான் ‘ன்’ விழுந்திருக்கும்.

சாயங்காலம் பையனுக்குப் போன் போட்டேன். “அண்ணே, திருத்தம்னா அது தனி” என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். ஒரு எழுத்துதானே தம்பி என்றேன். “ஒரு எழுத்துன்னாலும் மேல வரைக்கும் போகணுமேண்ணே.”

சரி, அதைக்கூட விடுங்கள். அந்த ஆபீசுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ்காரனை யார் கேட்பது? ஊரெல்லாம் ஒரு பக்கம் இரண்டு ரூபாய், அவனிடம் மட்டும் ஐந்து. கேட்டால் கரண்ட் பில் என்கிறான். ஸ்டேப்ளர் அடிக்கத் தனியாக ஒரு ரூபாய். ஒரே ஒரு பின். அதையும் கோணலாக அடித்துக் கொடுத்தான்.