டிக்டாக் மட்டும் காரணம் இல்லை

2025 நாடாளுமன்றத் தேர்தலில் ஜெர்மனியின் இடதுசாரிக் கட்சி 'டி லிங்கே' மீண்டு வந்ததற்கு அதன் முன்னணி வேட்பாளர் ஹைடி ரைஹினெக்கின் டிக்டாக் வீடியோக்கள்தான் காரணம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பாதிதான் உண்மை. 2023-ல் கட்சியின் பிரபல முகமான சாரா வாகன்க்னெஹ்ட் ஒன்பது எம்.பி.க்களோடு வெளியேறினார். 2024 ஐரோப்பியத் தேர்தலில் கட்சிக்குக் கிடைத்தது 2.7 சதவீதம். கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அங்கிருந்து 8.8 சதவீதம், 64 இடங்கள் என்றால் வெறும் வீடியோவால் ஆகுமா?

பெர்லினின் நொய்கோல்ன் தொகுதியைப் பாருங்கள். தொண்டர்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். பேசியது வாடகை, ஹீட்டர் பில், மளிகை விலை. அநியாய வாடகையைக் கண்டுபிடிக்க ஒரு செயலியே வைத்திருந்தார்கள். கட்சி வேட்பாளர் ஃபெராட் கோசாக் அங்கே, கட்சிப் பட்டியல் வழியாக அல்லாமல், தொகுதி வாக்கிலேயே நேரடியாக ஜெயித்தார். பழைய மேற்கு ஜெர்மனிப் பகுதியில் கட்சிக்கு அதுதான் முதல் நேரடித் தொகுதி. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

அப்புறம் இன்னொன்று. பாதுகாப்புச் செலவுக்காகக் அரசின் கடன் வரம்பைத் தளர்த்தும் அரசியல் சட்டத் திருத்தத்தை நாடாளுமன்றத்தில் எதிர்த்த கட்சி இது. ஆனால் 2025 மார்ச்சில் மாநில அரசுகள் வாக்களிக்கும் மாநிலங்கள் அவையில், அது கூட்டணி ஆட்சியில் இருந்த பிரேமன், மெக்லென்பர்க் மாநிலங்கள் ஆதரித்தே வாக்களித்தன. கதவு திறந்து பேசிய மக்களுக்கு அதைத்தான் முதலில் விளக்கியிருக்க வேண்டும்.