படிக்கப் போனவன் எதையும் பார்க்கக் கூடாதா?

நேற்றுப் பின்னேரம் நல்லூர் வீதியில் ஒரு மாமி அம்மாவை மறித்துக் கேட்டார்: "என்ன, உங்கட பெடியன் லண்டனுக்குப் படிக்கப் போனவனோ, சுத்திப் பாக்கப் போனவனோ? வட்ஸ்அப்பில ஒரே படமாக் கிடக்கு." அம்மா சிரித்துச் சமாளித்தார். வீட்டுக்கு வந்ததும் தம்பிக்குக் கோல் எடுத்து, "இனிப் படம் போடாதை ராசா, சனம் கதைக்குது" என்றார். அவன் ஒரு சொல்லும் திருப்பிச் சொல்லவில்லை. "சரியம்மா" என்றான். அந்தச் "சரியம்மா"வைக் கேட்டதிலிருந்து எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

அப்படி எங்கே நின்று படம் போட்டுவிட்டான்? பிரித்தானிய அருங்காட்சியகத்தில். 1759இல் மக்களுக்குத் திறந்த இடம் அது. இன்றைக்கும் நிரந்தரக் காட்சிகளைப் பார்க்க ஒரு பென்ஸ் கேட்பதில்லை. தேசிய ஓவியக் கூடமும் அப்படித்தான், பழைய மின் நிலையத்தைக் கலைக்கூடமாக்கிய டேட் மாடர்னும் அப்படித்தான். காணியை ஈடு வைத்துப் போனவன் காசைக் கரைக்கிறான் என்று விடுப்புக் கதைப்பவர்கள் இதையாவது கேட்டுத் தெரிந்துகொண்டு கதைக்கலாம்.

அந்த நேரத்துக்கு வேலைக்குப் போகலாமே என்கிறார்கள். மாணவர் விசாவில் படிப்புக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது. அந்த 20 மணித்தியாலமும் அவன் நின்றபடிதான் உழைக்கிறான். மிச்சமிருக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையிலும் அறைக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டுமா?

அவன் படிப்பது கட்டடப் பொறியியல். அருங்காட்சியகத்தின் நடு முற்றத்துக்கு மேலே 2000ஆம் ஆண்டில் திறந்த கண்ணாடிக் கூரை இருக்கிறது. 3,312 கண்ணாடிகள், ஒன்றின் அளவு மற்றதற்கு இல்லை. அதை அண்ணாந்து பார்த்தபடி அரை மணித்தியாலம் என்னோடு கதைத்தான். பாரம் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று கையால் கீறிக் காட்டினான். சின்னனிலிருந்து ரியூசன், ஏ.எல். என்று ஓடிய பிள்ளை, ஒரு பொருளை இப்படி ஆசையோடு பார்த்துக் கதைத்ததை நான் முதல் தரம் கேட்டேன். சரி, படிப்புக்குச் சம்பந்தமே இல்லையென்றுதான் வைத்துக்கொள்வோம். வெறும் சந்தோசத்துக்காகப் பார்த்தால் என்ன குற்றம்?

அங்கே பௌத்தர்கள் வணங்கும் தாரா தேவியின் சிலை ஒன்று நிற்கிறது. 143 சென்ரிமீற்றர் உயரம், பொன் பூசிய வெண்கலம், எட்டாம் நூற்றாண்டு. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் கிடைத்தது. கண்டியைப் பிரித்தானியர் பிடித்தபோது ஆளுநராக இருந்த பிரவுன்றிக் 1830இல் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். எங்கள் தீவின் பொருளை எங்கள் பிள்ளை கடல் கடந்து போய்த்தான் பார்க்கிறான். அந்தப் படத்துக்குத்தான் இந்தக் கதை!

புதுக் காரில் சாய்ந்து நின்று ஒரு பெடியன் படம் போட்டால் இதே சனம் "கெட்டிக்காரன், முன்னுக்கு வந்திட்டான்" என்கிறது. சிலைக்கு முன்னால் நின்றவன் மட்டும் ஊர் சுற்றி. 1981இல் எங்கள் யாழ்ப்பாண நூலகத்தோடு 97,000 புத்தகங்கள் எரிந்ததை இன்றைக்கும் கண் கலங்கச் சொல்கிற ஊர் இது. நாவலர் வீதியில் தொல்பொருள் அருங்காட்சியகம் இருக்கிறது, கந்தரோடையில் தோண்டியெடுத்த பொருட்கள் இருக்கின்றன. கோயிலுக்குப் போகிற வழியில் அதற்குள் ஒரு நாள் காலடி வைத்தவர்கள் எத்தனை பேர்? பார்க்காதவர்கள் பார்க்காமல் இருக்கட்டும். பார்க்கிற பிள்ளையை ஏன் கூசவைக்கிறீர்கள்?

இரவு தம்பிக்கு நானே எடுத்தேன். வெள்ளிக்கிழமைகளில் லண்டன் அருங்காட்சியகம் அங்கே இரவு எட்டரை வரை திறந்திருக்கும். வகுப்பு முடிந்ததும் போ, அந்தத் தாரைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்து எனக்கு அனுப்பு என்றேன். உன் ஸ்டேட்டஸில் போட வேண்டாம், நான் என்னுடையதில் போடுகிறேன். மாமி என்னை மறித்துக் கேட்கட்டும்.