ஹார்டு லிங்க் விதியில் ஒன்று விடுபட்டிருக்கிறது
நகல் கோப்புகளைத் தானாகவே ஹார்டு லிங்க்காக, அதாவது ஒரே தரவுக்கு இன்னொரு பெயராக, மாற்றும் விதியை வைத்தால் டிஸ்கில் இடம் மிச்சமாகும் என்று நான் படித்த கட்டுரை சொல்வது சரி. ஆனால் அடிக்கடி திருத்தும் கோப்புகள் உள்ள ஃபோல்டரை விதியிலிருந்து கட்டாயம் விலக்க வேண்டும். லிங்க் ஆன பிறகு இரண்டு பெயருக்கும் பின்னால் இருப்பது ஒரே தரவுதான். நான் ஒரு படத்தைச் சுழற்றிச் சேமித்தேன். பத்திரமாக வைத்திருந்த மூலப் படமும் சேர்ந்தே திரும்பிவிட்டது. மனசு ஆறவே இல்லை. சில மென்பொருள்கள் புதுக் கோப்பாக எழுதிப் பழையதன் இடத்தில் வைக்கும். அப்போது லிங்க் அறுந்துவிடும், அது வேறு கதை. அப்புறம், ஒரே டிரைவுக்குள்தான் ஹார்டு லிங்க் போட முடியும். விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ்ஸில் ஒரு கோப்புக்கு 1,024 பெயர்கள் வரைதான். டிரைவு மாறினால், மூலக் கோப்பு இருக்கும் இடத்தை மட்டும் சுட்டும் சிம்பாலிக் லிங்க்தான் வழி, ஆனால் மூலக் கோப்பை நகர்த்தியதும் அது எங்கேயும் போகாமல் நின்றுவிடும்.