இங்கிலாந்தில் காசநோய் குறைந்தது ஊசியால் மட்டுமா?

"இங்கிலாந்தில் டிபியை விரட்டியது பிசிஜி ஊசிதான், அதற்கு முன் யாரும் ஒன்றும் செய்யவில்லை" என்று ஒருவர் போட்டிருக்கிறார். ஆண்டுக் கணக்கே இடிக்குதே! பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பு மருந்து முதன்முதலில் 1921-ல் பாரிஸில் கொடுக்கப்பட்டது, சரி. ஆனால் பிரிட்டன் அதை லேசில் நம்பவில்லை. 1930-ல் ஜெர்மனியின் லூபெக்கில் 70-க்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தது தயக்கத்தை இன்னும் கூட்டியது (மருந்தில் வீரியமுள்ள கிருமி கலந்துவிட்டது, பிசிஜி மேல் குற்றமில்லை). பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஊசி போட ஆரம்பித்தது 1953-ல். சாவு விகிதமோ 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே இறங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே அலைந்து வேலை பார்த்தவை உள்ளாட்சிகள். காசநோய் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்வது கவுண்டி (மாவட்டம் போன்ற பகுதி) மன்றங்களின் கடமை என்றது 1921 சட்டம். நர்ஸ் வீட்டுக்கே போவார்: நோயாளிக்குத் தனிப் படுக்கை உண்டா, ஜன்னல் திறந்திருக்கிறதா, சளி துப்ப மூடி போட்ட குப்பி இருக்கிறதா என்று பார்ப்பார். வீட்டில் இடமில்லாதவர்கள் தோட்டத்தில் போட்டுப் படுக்க மரக் குடிலை இரவல் கொடுத்த மன்றங்களும் உண்டு. வெயில் பக்கம் திருப்பிவைக்கக்கூடிய குடில்கள்கூட இருந்தன.

அதற்காக சானடோரியம்தான் (காசநோயாளிகள் தங்கி சிகிச்சை பெறும் இல்லம்) குணப்படுத்தியது என்று எதிர்ப்பக்கம் சாயவும் வேண்டாம். ஓய்வு, காற்று, சாப்பாடு; முற்றிய நோய்க்கு அது போதவில்லை. காய்ச்சாத பாலில் மாட்டுக் காசநோய் பிள்ளைகளுக்கு வருவது 1930-களிலும் நிற்கவில்லை. சாவு குறைந்ததில் கூலிக்கும் வீட்டுக்கும் எவ்வளவு பங்கு என்று ஆய்வாளர்கள் இன்றும் மல்லுக்கட்டுகிறார்கள்.