எலிக்கு மாதவிடாய் வருவதில்லை

நேற்று ஓர் உரையாடலைக் கேட்டேன். கருப்பையின் உட்சவ்வை ஆய்வகத்தில் வளர்க்கிறார்கள் என்றதும், "மாதாமாதம் வந்துபோகும் வயிற்றுவலிக்கு எலிச் சோதனை போதாதா?" என்று ஒருவர் கேட்டார். அவர் கேட்டதைவிட அதற்கு எழுந்த சிரிப்புத்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

போதாது. ஆய்வகச் சுண்டெலிக்கு மாதவிடாய் வருவதில்லை. கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்ந்து வலிதரும் நோயான எண்டோமெட்ரியோசிஸும் அதற்குத் தானாக வருவதில்லை; கருப்பைத் திசுவை அதன் வயிற்றுக்குள் வைத்துத்தான் நோயை உண்டாக்குகிறார்கள். 2017-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலும் பெல்ஜியத்தின் லூவெனிலும் கருப்பை உட்சவ்வின் செல்களை ஜெல் துளிக்குள் வளர்த்தபோது, அவை உள்ளே வெற்றிடமுள்ள சின்னஞ்சிறு உருண்டைகளாகத் திரண்டு, மாதவிடாய்ச் சுழற்சியை நடத்தும் ஹார்மோன்களான ஈஸ்ட்ரோஜனுக்கும் புரொஜெஸ்ட்ரோனுக்கும் நம் உடலில் போலவே மாறின. எந்த எலியும் காட்டாததை அந்தத் துளி காட்டியது.

எனக்குப் பதினான்கு வயதில் வலி தொடங்கியது. ஸ்கேன் அறிக்கையில் 'இயல்பு' என்றிருந்ததைக் காட்டி, "குழந்தை பிறந்தால் சரியாகிவிடும்" என்றார் மருத்துவர். வெந்நீர்ப் பை பட்டுப்பட்டு என் அடிவயிற்றுத் தோல் கறுத்தே போயிற்று. வயிற்றில் சிறு துளையிட்டு கேமராவால் பார்க்கும் லேப்ராஸ்கோபியில், அது எண்டோமெட்ரியோசிஸ் என்று தெரியவர ஒன்பது ஆண்டுகள் ஆயின.

ஜெல்லுக்குள் இருக்கும் உருண்டை கருப்பையாகிவிடுமா என்பீர்கள். ஆகாது; அதில் இரத்தக் குழாய்கள் இல்லை, நோயெதிர்ப்புச் செல்களும் இல்லை. அவற்றையும் சேர்க்கத்தான் உழைக்கிறார்கள். கருவை வைத்து விளையாடுகிறார்கள் என்பவர்களுக்கு ஒரே பதில்: அது கருவே இல்லை. இந்த ஆய்வுக்கு இவ்வளவு செலவா என்பவர்களிடம்தான் எனக்கு ஆற்றாமை. 1977 முதல் 1993 வரை, கருத்தரிக்கக்கூடிய பெண்களை மருந்துச் சோதனைகளின் தொடக்கக் கட்டங்களில் சேர்க்க வேண்டாம் என்பதே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் வழிகாட்டுதல். எங்களையும் சேர்க்கவில்லை, எலிக்கும் மாதவிடாய் இல்லை. பிறகு எங்கள் நோயை யாரிடம் படித்திருப்பார்கள்? உலகில் ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு இருக்கும் நோய் இது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 2009-இல் இதற்கென ஆய்வு மையம் தொடங்கிய பேராசிரியர் லிண்டா கிரிஃபித்தும் இதே நோயால் அவதிப்பட்டவர்தான். வலித்தவர்களே வந்து ஆய்வகம் கட்ட வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

2021-இல், மாதவிடாயில் வெளியேறும் குருதியிலிருந்தே அந்த உருண்டைகளை வளர்த்துக் காட்டினார்கள். கத்தி இல்லை, மயக்க மருந்தும் இல்லை. இத்தனை ஆண்டுகளாக யார் கண்ணிலும் படாமல் காகிதத்தில் சுற்றி நான் வெளியே எறிந்துகொண்டிருந்தது அதைத்தான்.